இரைக்கடலில் திமிங்கலப் பாட்டு: பதிவுக்கருவி சொல்வதும் சொல்லாததும்

ஜூலை 19, 2025 – பல்லடத்திலிருந்து வந்த கேள்வி

அண்ணா, கூன்முதுகுத் திமிங்கலம் பாடறதெல்லாம் ஜோடி தேடத்தான், அதுவும் வெதுவெதுப்பான கடல்லதான்னு படிச்சேனுங்க. ஆனா இரை தேடற குளிர்ந்த கடல்லயும் மைக்கை இறக்கி மாசக்கணக்கா பதிவு பண்றாங்க. அங்க கேக்கற பாட்டு சீசன் முடிஞ்ச மிச்சம் மீதிதானுங்களே? அதைப் போய் எண்ணி என்ன தெரிஞ்சுக்க முடியும்?

ஜூலை 19, இரவு

மிச்சம் மீதி என்று தள்ளிவிட முடியாது தம்பி. வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள், அதற்குக் காரணம் உண்டு. ரோஜர் பெயினும் ஸ்காட் மெக்வேயும் 1971-ல் ‘சயின்ஸ்’ இதழில், இந்த ஒலிகள் ஓர் ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருகின்றன, ஆகவே இவை பாட்டுதான் என்று எழுதினார்கள். அவர்கள் கையில் இருந்தவை பெர்முடா பக்கத்துப் பதிவுகள். அதற்குப் பிறகு ஆராய்ச்சியாளர்கள் அதிகம் போனது ஹவாய், கரீபியன் என்று குட்டி போடும் கடல்களுக்கு. அங்கே தண்ணீர் தெளிவாக இருக்கும், படகை நிறுத்திக் கேட்கலாம். இரைக்கடல் மூடுபனியும் அலையுமாக இருக்கும். நாம் போய்க் கேட்காத இடத்தில் பாட்டே இல்லை என்று எழுதி வைத்துவிட்டோம்.

1980-களிலேயே மசாசூசெட்ஸ் கரைக்கு அப்பாலும் தென்கிழக்கு அலாஸ்காவிலும் இரைக்கடல் பாட்டு பதிவாகியிருக்கிறது. ஆனால் படகில் போன அன்று காதில் விழுந்ததுதான் கணக்கு. கருவியைக் கடல் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிவரத் தொடங்கிய பிறகே படம் மாறியது. கிறிஸ்டோபர் கிளார்க்கும் பிலிப் கிளாபமும் ஜார்ஜஸ் பேங்க் என்ற வட அட்லாண்டிக் இரைக்கடலில் இப்படிக் கேட்டு, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். வசந்தத்தின் கடைசிப் பகுதி வரை பாட்டு ஓயவில்லை. இனப்பெருக்கப் பருவம் முடிந்து வெகு நாள் ஆன நேரம் அது.

ஜூலை 20, காலை

இதை நேற்றே சேர்த்திருக்க வேண்டும். இரைக்கடலில் கேட்பதெல்லாம் பாட்டு இல்லை. அலாஸ்காவில் கூட்டமாக ஹெர்ரிங் மீனை வளைக்கும்போது ஒரே சுருதியில் நீளமாகக் கத்தும், அது இரைக்கூவல். குட்டியும் தாயும் எழுப்பும் சிறு ஒலிகள் வேறு. ஆணும் பெண்ணும் ஒலி எழுப்பும், பாடுவது ஆண் மட்டும். சிறு ஒலிகள் சேர்ந்து ஒரு சொற்றொடர், அது பலமுறை திரும்பி வந்தால் ஒரு கருப்பொருள், சில கருப்பொருள்கள் வரிசையாக வந்து முடிந்தால் ஒரு பாட்டு. பத்து நிமிடமும் ஆகும், அரை மணியும் ஆகும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இப்படி மணிக்கணக்கில் போகும். “இரைக்கடலில் திமிங்கலச் சத்தம் கேட்டது” என்று யாராவது எழுதினால், எந்தச் சத்தம் என்று முதலில் கேளுங்கள்.

ஜூலை 22

கருவி எப்படி இருக்கும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். என் பிழைப்போடு ஒட்டிய விஷயம், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

கோயம்புத்தூர் கணபதியில் மோட்டார் பம்ப் பட்டறைகளுக்கு அதிர்வுச் சோதனை பார்த்து வந்தவன் நான். பேரிங் மேல் காந்தம் வைத்து ஒட்டும் சென்சாருக்குள் ஒரு பீசோ பீங்கான் வில்லை இருக்கும். அழுத்தம் பட்டால் அது மின்னழுத்தம் தரும். கடலுக்குள் இறக்கும் ஹைட்ரோபோனுக்குள்ளும் அதே இனத்துப் பீங்கான்தான். பேரிங்கின் வெளிவளையத்தில் கீறல் விழுந்தால் எந்தச் சுருதி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் அலைமாலைப் படத்தில் எங்கே கோடு எழும் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்குத் திமிங்கலப் பாட்டின் படம் அந்நியமாகத் தெரியவில்லை. இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஒலியைச் சுருதி சுருதியாகப் பிரிக்கும் ஒரே ஃபூரியே கணக்கு.

ஹைட்ரோபோனுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர், பதிவு அட்டை, பேட்டரி எல்லாம் அழுத்தம் தாங்கும் கூட்டுக்குள் இருக்கும். கீழே கனமான எடை, நடுவில் ஒரு கொக்கி. மாதங்கள் கழித்துக் கப்பல் அதே இடத்துக்கு வந்து, தண்ணீருக்குள் குறித்த ஒலிக்கட்டளையை அனுப்பினால் கொக்கி விடும், எடை கீழேயே நிற்கும், கருவி மிதந்து மேலே வரும். சில நேரம் வராது. இழுவலையில் சிக்கிப் போவதும் உண்டு. அதுவரை உள்ளே என்ன பதிவாகியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இதில் இரண்டு முடிவுகளைக் கருவியை இறக்கும் முன்பே எடுத்தாக வேண்டும், பிறகு மாற்ற வழியில்லை. ஒன்று, நொடிக்கு எத்தனை சாம்பிள், அதாவது எத்தனை முறை ஒலியை அளப்பது. பிடிக்க நினைக்கும் உச்ச அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். நொடிக்கு 2000 என்று வைத்தால் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பது எல்லாம் போய்விடும். நீலத் திமிங்கலம் போன்ற கீழ்ச்சுருதி இனங்களுக்கு அது தாராளம். கூன்முதுகுக்கோ பாட்டின் மேல்பாதி வெட்டுப்படும். இன்னொன்று, விடாமல் பதிவதா, மணிக்குச் சில நிமிடம் மட்டுமா என்பது. விட்டு விட்டுப் பதிந்தால் பேட்டரி நீடிக்கும். மணிக்கணக்கில் பாடும் திமிங்கலம் எப்படியும் மாட்டிவிடும். ஆனால் இரைக்கடலில் பாட்டு பல நேரம் துண்டுதுண்டாகத்தான் வருகிறது, முழுப்பாட்டாக வருவதில்லை. அந்தத் துண்டுகள் இடைவெளியில் விழுந்து காணாமல் போகும். பிறகு கட்டுரையில் “பாட்டு குறைவு” என்று வரும்.

ஜூலை 23

“வயிற்றுக்குத் தின்னும் இடத்தில் எதற்குப் பாட வேண்டும்?” என்று ஈரோட்டிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். நல்ல கேள்விங்க. ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்கள் பல. குளிர்காலத்தில் சினைப்படாத பெண்கள் இரைக்கடலிலும் இருக்கலாம். இலையுதிர் காலம் வரும்போதே ஆணின் உடலில் இனப்பெருக்க ஹார்மோன் ஏறத் தொடங்கிவிடுகிறது, கிளம்பும் முன்பே தொண்டை தயாராகிறது. மூன்றாவது காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: குட்டி போடும் வெவ்வேறு கடல்களிலிருந்து வரும் ஆண்கள் ஒரே இரைக்கடலில் கூடுகிறார்கள். வட பசிபிக்கில் ஹவாய்க்காரனும் மெக்சிகோக்காரனும் ஒரே விரிகுடாவில் மீன் பிடிப்பான். அங்கே ஒருவன் பாட்டை இன்னொருவன் கேட்டுப் பழக முடியும்.

இது சும்மா சொல்லும் கற்பனை இல்லை. ஒரு கூட்டத்தின் ஆண்கள் எல்லாரும் அந்த வருடம் ஏறக்குறைய ஒரே பாட்டைப் பாடுவார்கள், வருடா வருடம் அது மாறும். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைப் பாட்டை மேற்குக் கரைப் பாட்டு சுத்தமாகத் துடைத்துப் போட்டதை மைக்கேல் நோடும் மற்றவர்களும் 2000-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். எலன் கார்லண்ட் குழு 2011-ல் இன்னும் ஒரு படி போனது. தென் பசிபிக்கில் பாட்டுகள் ஆஸ்திரேலியாவிலிருந்து கிழக்கே தீவு தீவாகப் பிரெஞ்சு பாலினேசியா வரை பரவுகின்றன என்று காட்டியது. இவ்வளவு தூரம் பாட்டு எங்கே கைமாறுகிறது? வலசைப் பாதையிலும் இரைக்கடலிலும் கேட்டால்தான் தெரியும். தம்பி “மிச்சம்” என்று சொன்ன இடத்தில்தான் கொடுக்கல் வாங்கலே நடக்கக்கூடும்.

அண்டார்டிகத் தீபகற்பத்தில் திமிங்கலத்தின் முதுகில் உறிஞ்சுகிண்ணத்தால் கருவி ஒட்டிக் கேட்டார்கள், 2012-ல் வெளிவந்த ஆய்வு. இரை மேல் பாயும் அசைவும் பாட்டும் ஒரே காலத்தில் பதிவாயின. பாடியது கருவி சுமந்ததா, பக்கத்தில் போனதா என்று பிரிப்பது கடினம். ஆனால் இரையும் பாட்டும் ஒரே தண்ணீரில் சேர்ந்தே நடக்கின்றன என்பதில் சந்தேகம் இல்லை.

ஜூலை 23, இரவு

டெசிபல் பற்றிச் சின்னக் குறிப்பு. திமிங்கலம் 170 டெசிபலில் பாடுகிறது, ஜெட் விமானத்தை விடச் சத்தம் என்று ஒரு படம் சுற்றுகிறது. அதைப் பகிராதீர்கள். காற்றில் அளக்கும்போது அடிப்படை 20 மைக்ரோபாஸ்கல், தண்ணீரில் 1 மைக்ரோபாஸ்கல். அதிலேயே 26 டெசிபல் வித்தியாசம். தண்ணீரின் ஒலித்தடையும் வேறு, அதற்குச் சுமார் 36. ஆக, கடல் எண்ணிலிருந்து ஏறக்குறைய 62 கழித்தால்தான் நம் பட்டறை எண்ணோடு பக்கத்தில் வைக்கலாம்.

ஆகஸ்ட் 3

இந்த இழையில் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதுதான். பதிவில் பாட்டு இல்லை என்றால் கடலில் பாட்டு இல்லை என்று பொருள் ஆகாது. எவ்வளவு தூரம் வரை அன்று கேட்டிருக்க முடியும் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

சோமனூரில் என் மாமனார் வீடு. தெருவுக்குத் தெரு தறி. 2020 ஊரடங்கில் தறி எல்லாம் நின்றபோது, விடியற்காலையில் ஊருக்கு வெளியே குளத்துப் பக்கம் அகவும் மயில் வீட்டு வாசலில் கேட்டது. மாமியார் “மயிலு புதுசா வந்திருக்குது” என்றார். மயில் எப்போதும் அங்கேதான் இருந்தது. தறி மறுபடி ஓடியதும் “மயிலு போயிருச்சு”. அந்தக் குளத்து மயில்களைத் தெருவிலிருந்து கேட்டுக் கணக்கெடுத்திருந்தால், நெசவு மந்தமான வருடங்களில் மயில் பெருகியதாக வந்திருக்கும்.

அதே 2020-ல் அலாஸ்காவின் கிளேசியர் விரிகுடாவில் சொகுசுக் கப்பல்கள் வரவில்லை. அது கூன்முதுகின் இரைக்கடல். வருடக்கணக்காக அங்கே ஹைட்ரோபோன் இருப்பதால் முந்தைய கோடைகளோடு ஒப்பிட முடிந்தது, தண்ணீர் அமைதியானது அளவிலேயே தெரிந்தது. கப்பல் இரைச்சல் பெரும்பாலும் சில பத்து ஹெர்ட்ஸிலிருந்து ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை. பாட்டின் கனமான பகுதியும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. காற்று பலமாக அடித்தாலும் அலை உடைந்து பின்னணி ஏறும். குளிர்காலத்தில் பாட்டும் அதிகம், புயலும் அதிகம். ஆகவே பாட்டு கேட்ட நாள்களை மட்டும் போடும் வரைபடத்தை நான் பாதி வரைபடம் என்றே எடுத்துக்கொள்வேன். பக்கத்திலேயே பின்னணி இரைச்சலின் வரைபடமும் வேண்டும்.

ஆகஸ்ட் 4

பாஸ்டன் பக்கத்து இரைக்கடலான ஸ்டெல்வேகன் பேங்கிலும் இந்தக் கவலை உண்டா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆம், கேட்டது சரிதான். அங்கே வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பாட்டு, நடுக்கோடையில் அபூர்வம். துறைமுகப் பாதை குறுக்கே போகும் கடல் அது, நேற்று சொன்ன கவலை அங்கே இரட்டிப்பு.

ஆகஸ்ட் 16

இன்று மான்டரே பற்றித் தனியாக எழுதுகிறேன்.

கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் சுமார் 900 மீட்டர் ஆழத்தில் ஒரு ஹைட்ரோபோன் இருக்கிறது. கரையிலிருந்து 52 கிலோமீட்டர் கேபிள் அதற்கு மின்சாரம் கொடுத்து ஒலியை வாங்கி வருகிறது. பேட்டரிக் கவலை இல்லை, கொக்கிக் கவலை இல்லை. 2015 ஜூலையிலிருந்து கேட்கிறது. ஜான் ரயான் குழு 2025 பிப்ரவரியில் முதல் ஆறு வருடக் கணக்கை வெளியிட்டது: கூன்முதுகுப் பாட்டு கேட்ட நாள்கள் 34 சதவீதத்திலிருந்து 76 சதவீதத்துக்கு ஏறியிருக்கின்றன.

தொடக்கம் எங்கே என்று பார்க்க வேண்டும். 2014-லிருந்து 2016 வரை வடகிழக்கு பசிபிக்கில் கடல் சூடேறிக் கிடந்தது, இரை வற்றிய காலம். கேட்க ஆரம்பித்ததே அந்தப் பஞ்ச நேரத்தில். பிறகு கூனிப்பொடி (கிரில் என்னும் இறால் போன்ற சிற்றுயிர்) மீண்டது, நெத்திலி பெருகியது. நீலத் திமிங்கலமும் துடுப்புத் திமிங்கலமும் அங்கே பெரும்பாலும் கூனியையே நம்பியவை, கூனி குறைந்த வருடங்களில் அவற்றின் பாட்டும் குறைந்தது. கூன்முதுகு கூனி இல்லாவிட்டால் நெத்திலிக்கு மாறிவிடும். அதன் பாட்டு ஏறிக்கொண்டே போனது.

பாட்டைக் கேட்டு அடுப்பங்கரை நிலவரத்தை அறிய முடிகிறது என்பது எனக்குப் பெரிய விஷயம். தம்பியின் “என்ன தெரிஞ்சுக்க முடியும்” என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

ஆகஸ்ட் 17

நேற்று எழுதியதை இன்று படித்தபோது இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கத் தோன்றுகிறது. பாட்டு கேட்ட நாள் என்பது முரட்டு அளவுகோல். ஒரே ஆண் பத்து நிமிடம் பாடினாலும் அது ஒரு நாள், இரவு முழுக்க ஐந்து பேர் பாடினாலும் அது ஒரு நாள். ஏற்றத்துக்கு மூன்று வழி உண்டு: தலைகள் கூடியிருக்கலாம், வந்தவை அதிக நாள் தங்கியிருக்கலாம், அதே தலைகள் அதிகம் பாடியிருக்கலாம். ஹைட்ரோபோனால் தனியாக இவற்றைப் பிரிக்க முடியாது. அந்தக் குழுவும் அதை உணர்ந்துதான் வால்துடுப்புப் படங்களால் தனித்தனித் திமிங்கலங்களை அடையாளம் கண்ட பதிவுகளையும், என்ன தின்றது என்று காட்டும் தோல் மாதிரிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. செய்தித்தாள் தலைப்பில் சதவீதம் மட்டும் வந்தது.

ஆகஸ்ட் 24

உடுமலைப் பக்கம் போயிருந்தேன். பூளவாடி தாண்டியதும் காற்றாலை எல்லாம் முழு வேகத்தில் சுற்றுகின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது வந்த நினைப்பு, கொஞ்சம் விலகிப் போகிறேன்.

இந்தத் தென்மேற்குக் காற்றுதான் ஓமான் கரையோரம் மேல்தண்ணீரை விலக்கி, அடியில் இருக்கும் குளிர்ந்த, சத்துள்ள தண்ணீரை மேலே இழுக்கிறது. கேரளக் கரையிலும் அது நடக்கிறது. உக்கடம் சந்தைக்கு வரும் மத்திக்கும் அதுதான் தீவனம். அந்தச் செழிப்பை நம்பி அரபிக்கடலில் ஒரு கூன்முதுகுக் கூட்டம் வாழ்கிறது. மற்ற கூன்முதுகுகள் துருவம் பக்கம் போய்த் தின்று, வெப்பக் கடலுக்கு வந்து குட்டி போடும். இவை எங்கும் போவதில்லை, தின்பதும் குட்டி போடுவதும் இதே கடலில். சுமார் 70,000 ஆண்டுகளாக மற்றவற்றோடு கலக்காமல் இருப்பதாக மரபணு ஆய்வு சொல்கிறது. ஓமான் கரையில் புகைப்படங்களை வைத்துப் போட்ட மதிப்பீடு நூற்றுக்கும் கீழே. 1966 நவம்பரில் மட்டும் சோவியத் கப்பல்கள் சட்டத்தை மீறி 238 கூன்முதுகுகளை இந்தக் கடலில் கொன்றன, அந்த உண்மை 1990-களில்தான் வெளியே வந்தது.

2017-ல் ஓமானில் லுபான் என்ற பெண் திமிங்கலத்துக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். அது நேரே கடலைக் கடந்து டிசம்பரில் கோவாப் பக்கம் வந்து, கேரளக் கரையோரம் தெற்கே இறங்கியது. நம் கணவாய்க்கு நேர் மேற்கே. கோயம்புத்தூரிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் கடல்.

இந்தக் கூட்டத்துக்கு வரும்போது, குட்டி போடும் கடலின் பாட்டு, இரைக்கடல் பாட்டு என்று நாம் இதுவரை பேசிய பிரிவே நிற்காது. எல்லாம் ஒரே தண்ணீர். ஓமான் பக்கம் கடலடிப் பதிவுகள் நடந்திருக்கின்றன, பாட்டு வடகோளத்தின் குளிர்காலத்தை ஒட்டி வருகிறது. லுபான் பெண், பாடாது. அது வந்த பாதையில் ஆண் வந்தானா என்பதைக் கருவி கேட்டால்தான் உண்டு. இந்தியக் கரை முழுக்க வருடம் சுற்றிலும் கேட்கும் கருவிகள் வேண்டும் என்று நான் ஆசைப்படுவது இதனால்தான். இத்தனை குறைவாக இருக்கும் உயிரைப் படகில் தேடிக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஆனால் பாடும் ஆண் ஒன்று பல கிலோமீட்டருக்குத் தன் இருப்பைத் தானே சொல்கிறது.

ஆகஸ்ட் 30

கம்ப்யூட்டரே கண்டுபிடித்துக் கொடுக்காதா என்று கேட்டவருக்கு: கொடுக்கிறது. பசிபிக் தீவுகளில் அமெரிக்கக் கடல்வள நிறுவனம் சேர்த்து வைத்திருந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மணிநேரப் பதிவுகளை கூகுள் உதவியோடு ஒரு செயற்கை நரம்புவலை (பழக்கிவிட்டால் ஒலியைத் தானே அடையாளம் காணும் மென்பொருள்) அலசியது. மனிதர் உட்கார்ந்து கேட்டால் ஆயுள் போதாது. ஆனால் இந்தப் பாட்டு வருடா வருடம் மாறும் என்பதை மறக்கக் கூடாது. போன வருட ஒலிகளை அச்சாக வைத்துத் தேடினால் இந்த வருடப் புது ஒலி நழுவும். பாட்டு குறைந்ததா, நம் அச்சு பழசானதா என்று தெரியாமல் போகும். ஆகவே ஒவ்வொரு பருவத்திலும் ஒரு பங்கை மனிதக் காது கேட்டுச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

வால்பாறையில் மீட்டெடுத்து வரும் மழைக்காட்டுத் துண்டுகளிலும் மரத்தில் சின்னப் பதிவுக்கருவி கட்டிக் கேட்டிருக்கிறார்கள். அந்த ஆய்வைப் படியுங்கள். திமிங்கலம் எட்டாவிட்டாலும் முறை அதேதான், மழை பெய்தால் பதிவு வீணாவது உட்பட.

நவம்பர் 9

பருவம் வந்துவிட்டது. மான்டரேயில் பாட்டு இலையுதிர் காலத்தில் வலுக்கும், இரவில் அதிகம் கேட்கும். இப்போது நேர வித்தியாசம் பதின்மூன்றரை மணி. அங்கே இரவு ஏழு என்றால் இங்கே மறுநாள் காலை எட்டரை. மான்டரே ஹைட்ரோபோனின் இணைய நேரலையைப் பட்டறை திறக்கும் முன் கேட்கலாம். மொபைல் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், கீழ்ச்சுருதி முழுக்க விழுங்கிவிடும். காதை மூடும் ஹெட்போன் வேண்டும். ஒலியின் படம் பார்க்க அடாசிட்டி என்ற மென்பொருள் போதும், கார்னெல் பல்கலைக்கழகத்தின் ரேவன் லைட்டும் இலவசம்.

நவம்பர் 15

பல்லடத்துத் தம்பி பதிவிலிருந்து எடுத்து அனுப்பிய ஒலிப்படத்தைப் பார்த்தேன். நடுவில் சம இடைவெளியில் படுத்துக் கிடக்கும் நேர்க்கோடுகள் கப்பல், பாட்டில்லை. வேகம் மாறாத எஞ்சினும் உந்தியும் இப்படித்தான் கோடு போடும், நம் மோட்டார் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 100-ல் கோடு போடுவது போலவே. ஆனால் அதற்கு மேலே, 300 ஹெர்ட்ஸுக்கும் 800 ஹெர்ட்ஸுக்கும் நடுவில், வளைந்து ஏறும் மூன்று கீற்றுகளும் பின்னால் ஒரு குறுகிய உறுமலும் இருக்கின்றனவே, அவைதான் எனக்கு ஆர்வமாக இருக்கின்றன. அதே வரிசை வலப்பக்கம் இன்னொரு முறை வருகிறது. மூன்றாவது முறை வருமா என்பதற்குள் படம் முடிந்துவிட்டது.

இரண்டு முறை வந்ததை வைத்துப் பாட்டு என்று நான் எழுதமாட்டேன். படம் வேண்டாம், ஒலிக்கோப்பையே அனுப்பு. அந்த இடத்துக்கு முன்னால் பத்து நிமிடம், பின்னால் இருபது நிமிடம் சேர்த்து வெட்டு. எம்பி3 ஆக்காமல் வேவ் கோப்பாகவே வை. அந்த ஊர் நேரத்தையும் கோப்பின் பெயரில் போட்டுவிடு. வரிசை மாறாமல் திரும்பி வருகிறதா என்று இருவரும் தனித்தனியாக எண்ணிவிட்டு, அப்புறம் ஒப்பிட்டுப் பார்ப்போம்.